மெட்டி ஒலி: ஐந்து மகள்களாக நடித்தவர்களை முன்வைத்து ஒரு மறுபார்வை

மெட்டி ஒலி என்ற தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால், அன்று அதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நினைவுகூர்கிறார்கள். முதலில் தினாவின் இசையில் நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய முகப்புப் பாடல் வரும். அடுத்து டெல்லி குமார் நடித்த அப்பா சிதம்பரம். பிறகு சாந்தி வில்லியம்ஸின் மாமியார் ராஜம், அவருடைய பிள்ளை மாணிக்கமாக வந்த சேத்தன், தொடரை இயக்கிய திருமுருகன் தாமே ஏற்ற கோபி என்று பட்டியல் நீளும். அந்த அப்பாவுக்கு ஐந்து மகள்கள் என்பதை யாரும் மறந்துவிடவில்லை. ஆனால் அந்த ஐவராக நடித்தவர்கள் யார் என்று கேட்டால் பேச்சு தயங்கி நின்றுவிடுகிறது. தனம், சரோஜா, லீலா, விஜி, பவானி என்று பாத்திரப் பெயர்கள் வருகின்றனவே தவிர, நடிகைகளின் பெயர்கள் வருவதில்லை. 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் 800-க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஓடிய ஒரு தொடரைத் தூக்கிச் சுமந்தவர்கள் இந்தப் பெண்கள்தான் என்பது, அதை மறுபடியும் பார்க்கும் எவருக்கும் சில வாரங்களிலேயே விளங்கிவிடும். எனவே தொடரைப் பற்றிய என் மதிப்பீட்டையும் அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

அன்றைய தொலைக்காட்சிச் சூழலைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1999-இல் தொடங்கிய சித்தி, ராதிகா என்ற பெரிய நட்சத்திரத்தை நடுவில் வைத்துப் பின்னப்பட்ட தொடர். அதற்குப் பின் வந்த அண்ணாமலையும் அவ்வாறே. 2003-இல் தொடங்கி 2009 வரை ஓடிய கோலங்களுக்கு, திரைப்படங்களில் புகழ்பெற்றிருந்த தேவயானி இருந்தார். அத்தொடர்களில் மற்றவர்கள் நட்சத்திரத்தைச் சுற்றி நின்றார்கள், கதை எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் அந்த ஒரு முகத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. மெட்டி ஒலியில் அப்படிப்பட்ட ஒற்றை முகம் கிடையாது. ஒரு வாரம் சரோஜாவின் புகுந்த வீடு, அடுத்த வாரம் தனத்தின் குடும்பச் சிக்கல், அதற்கடுத்து பவானியைப் பற்றிய கவலை என்று கதை வீடு வீடாகப் போய் வந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே சிதம்பரத்தின் மகள் ஒருத்தி இருந்தாள், அந்த வாரத்தின் பாரம் முழுவதும் அவள் தோளில் இருந்தது. ஐந்து பேரில் ஒருவர் தளர்ந்திருந்தாலும் அந்த வீட்டுக் கதையை மக்கள் எழுந்து போய் வேறு வேலை பார்க்கும் நேரமாக ஆக்கிக்கொண்டிருப்பார்கள். அப்படி நடக்கவில்லை என்பதே அவர்களுடைய நடிப்புக்குக் கிடைத்த முதல் சான்று.

ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி என்ற பழமொழியைத்தான் திருமுருகன் கதையின் அடித்தளமாக எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவியை இழந்த தகப்பன், ஆண் பிள்ளை இல்லாத வீடு, ஒவ்வொரு மகளுக்கும் வரன், சீர், புகுந்த வீட்டின் குணம் என்று தீராத கவலைகள். இந்தக் கதையைத் தகப்பனின் துயரமாகச் சொல்வது எளிது. பார்வையாளர்களின் அனுதாபம் தானாகவே அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். டெல்லி குமாரும் குரலை உயர்த்தாமல், தளர்ந்த நடையும் நிதானமான பேச்சுமாக அதைப் பிரமாதமாகச் செய்தார். ஆயினும் அவர் முகத்தில் நாம் கண்ட வேதனை, மகள்களின் முகத்தில் முதலில் கண்டதன் எதிரொலிதான். மகள் தன் கஷ்டத்தை மறைத்துப் பேசுகிறாள், அப்பா அதைக் கண்டுபிடித்துவிடுகிறார் என்ற வகைக் காட்சிகள் தொடர் நெடுகிலும் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் கடினமான வேலை மறைப்பவளுக்கு உரியது. மறைக்கிறாள் என்பது நமக்குத் தெரிய வேண்டும், அதே சமயம் எதிரே இருப்பவர் உடனே கண்டுகொள்ளாதபடியும் இருக்க வேண்டும். ஐவருமே இதை அவரவர் வழியில் செய்திருக்கிறார்கள்.

அவர்களில் அதிகம் பேச வேண்டியவர் சரோஜாவாக நடித்த காயத்ரி சாஸ்திரி. ராஜம் என்ற மாமியாரின் கையிலும், தாய் சொல்லைத் தட்டாத மாணிக்கத்தின் கையிலும் அகப்பட்ட மருமகள் என்று ஒரே வரியில் அந்தப் பாத்திரத்தைச் சொல்லிவிடலாம். தமிழ்த் தொடர்களில் அப்படிப்பட்ட மருமகள்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் அழுவார்கள், நாமும் பழகிப்போவோம். காயத்ரி சாஸ்திரி அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. மாமியார் பேசிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், உண்மையிலேயே கேட்கிறார். அடுத்த சொல் எங்கே வந்து விழும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே இறுகும் முகம், கணவன் ஒரு வார்த்தையாவது தனக்காகச் சொல்வானா என்று ஒரு கணம் அவன் பக்கம் போய்த் திரும்பும் கண்கள், ஒன்றும் வராது என்று தெரிந்த பிறகு கையிலிருக்கும் வேலையைத் தொடரும் விதம் எல்லாம் வசனத்தில் இருப்பவை அல்ல. நான் மறுபடியும் பார்த்தபோது சரோஜாவின் காட்சிகளில் அவருடைய வசனங்களைவிட அவர் பேசாத இடங்களையே அதிகம் கவனித்தேன். ராஜத்தின் கொடுமை நம்மைச் சுட்டதற்குக் காரணம் அது விழுந்த இடத்தில் ஒரு முகம் அவ்வளவு துல்லியமாக வாங்கிக்கொண்டதுதான். மக்கள் ராஜத்தை வெறுத்ததால் கிடைத்த பாராட்டெல்லாம் சாந்தி வில்லியம்ஸுக்குப் போனது. அதில் பாதியாவது காயத்ரிக்குச் சேர வேண்டியது.

இதைச் சொல்வதால் சாந்தி வில்லியம்ஸின் மதிப்பைக் குறைப்பதாகப் பொருளில்லை. கத்தி ஆர்ப்பரிக்கும் மாமியார்களுக்கு நடுவே, பேச்சின் முனையை வைத்தே ஒரு குடும்பத்தை ஆட்டிப்படைக்கும் பெண்ணை அவர் காட்டினார். தான் செய்வது தப்பு என்று ராஜத்துக்கு ஒருபோதும் தோன்றுவதில்லை. தன் பிள்ளையின் நலனை மட்டுமே பார்ப்பதாக அவள் முழு மனதோடு நம்புகிறாள். அந்த நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமல் நடித்ததால்தான் ராஜம் இன்றும் நினைவில் இருக்கிறாள்.

தனமாக வந்த காவேரியை அறியாதவர்கள், 1990-இல் வெளிவந்த வைகாசி பொறந்தாச்சு படத்தின் கதாநாயகி அவர்தான் என்று கேட்டால் வியக்கிறார்கள். பிரசாந்தின் முதல் படத்தில் அவருக்கு இணையாக நடித்தவர், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்து பெண்கள் உள்ள வீட்டின் மூத்தவளாக வந்தார். தாயில்லாத வீட்டில் மூத்த மகள் பாதித் தாய் ஆகிவிடுகிறாள். தங்கைகளை அதட்டும் உரிமையும், அவர்களுக்காக விட்டுக்கொடுக்கும் கடமையும் ஒன்றாகவே அவளுக்கு வந்து சேர்கின்றன. காவேரி இதைப் பெரிய காட்சிகளில் நிரூபிக்க முயலவில்லை. தங்கை ஒருத்தி உள்ளே நுழைந்ததும் அவள் சாப்பிட்டாளா, உடம்புக்கு என்ன என்று பார்க்கும் ஒரு பார்வை அவரிடம் உண்டு. எந்தக் காட்சியில் யாருக்கு என்ன வசனம் இருந்தாலும் அந்தப் பார்வை மாறாது. கதாநாயகியாக இருந்தவர்கள் தொடருக்கு வரும்போது ஒளிப்பதிவுக் கருவிக்கு முகம் காட்டும் பழக்கத்தை உடன் கொண்டுவருவதுண்டு. காவேரி அதை வெளியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

லீலாவாக நடித்த வனஜாவும் விஜியாக நடித்த உமா மகேஸ்வரியும் உண்மையிலேயே உடன்பிறந்த சகோதரிகள் என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது. தெரிந்த பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து வரும் காட்சிகளைப் பார்ப்பது தனி அனுபவம். ஒருவர் பேச்சை முடிக்கும் முன் மற்றவர் புரிந்துகொள்வதும், பக்கத்தில் உட்காரும்போது இடைவெளி விடாமல் உட்காருவதும் நடிப்பால் கொண்டுவந்தவையா வீட்டிலிருந்து வந்தவையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரித்துச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. லீலாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. வனஜா அதைக் குரலில் வைத்திருந்தார். விஜி மென்மையானவள் என்ற எண்ணத்தை உமா மகேஸ்வரி நிதானமான அசைவுகளாலேயே உருவாக்கினார், பிறகு அவள் கோபப்படும் அரிதான நேரங்களில் அந்த மென்மையே கோபத்துக்குக் கனம் சேர்த்தது. வெற்றிக் கொடி கட்டு, உன்னை நினைத்து போன்ற திரைப்படங்களிலும் அவர் நடித்திருக்கிறார். 2021 அக்டோபரில், நாற்பது வயதில், உமா மகேஸ்வரி காலமானார். அன்று வந்த செய்திகள் பலவற்றின் தலைப்பில் அவருடைய முழுப் பெயருக்கு முன்னால் தொடரின் பெயர் இருந்தது, அப்படிச் சொன்னால்தான் வாசகர்களுக்கு அடையாளம் தெரியும் என்பதால். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு விஜியின் காட்சிகளைத் தேடிப் போய்ப் பார்த்தவர்கள் என்னைப் போல் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். உயிரோடு இருந்தபோது அவருடைய நடிப்பைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

கடைக்குட்டி பவானியாக நடித்த ரேவதி பிரியாவுக்குத் தொடக்கத்தில் வேலை குறைவு. அக்காமார்களின் கதைகளுக்கு நடுவே வீட்டில் எஞ்சியிருக்கும் சின்னப் பெண்ணாக வந்து போனார். கதை அவள் பக்கம் திரும்பியபோது, அதுவரை அக்காமார்களைப் பார்த்துப் பார்த்தே பயந்து வளர்ந்த ஒரு பெண்ணாக அவர் மாறியிருந்ததைக் கண்டோம். சக்தியாக வந்த நீலிமா ராணியையும் விட்டுவிடக் கூடாது. தேவர் மகனில் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமாகி, பிறகு நான் மகான் அல்ல வரை திரைப்படங்களிலும் தொடர்ந்தவர். இந்தத் தொடரில் அவர் வரும் இடங்களில் ஒரு சுறுசுறுப்பு ஏறிக்கொள்வதைக் கவனிக்கலாம்.

இன்னொருவர் கதையிலேயே இல்லாதவர். முகப்புப் பாடலில் ஆடிய சாந்தியை அன்று கோடிக்கணக்கான வீடுகள் வாரத்தில் ஐந்து நாள் பார்த்தன, பெரும்பாலானவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. நடனக் கலைஞரான அவர் பின்னாளில் மெட்டி ஒலி சாந்தி என்றே அழைக்கப்பட்டு, 2022-இல் பிக் பாஸ் நிகழ்ச்சியின் ஆறாம் பருவத்துக்கும் போட்டியாளராகச் சென்றார். பாடல் தொடங்கியவுடன் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்த பெண்களுக்கு அவர் ஆட்டம்தான் அழைப்பு மணியாக இருந்தது. ஒரு தொடரின் தொடக்க நிமிடங்களை வைத்து ஒரு கலைஞர் இருபது ஆண்டுகளுக்கும் மேல் நினைவில் நிற்கிறார் என்றால், அந்த நிமிடங்களை அவர் எவ்வளவு நன்றாகச் செய்திருக்க வேண்டும்!

இத்தனை பேரும் ஏன் கவனிக்கப்படாமல் போனார்கள் என்பதற்குத் தொடர்கள் எடுக்கப்படும் முறையிலேயே பாதி விடை இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து பகுதிகள் ஒளிபரப்பாக வேண்டும். அரை மணி நேரத்தில் விளம்பரம் போக இருபது நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்சிகள் வேண்டும். வாடகைக்கு எடுத்த வீட்டில், ஒரே நாளில் பல பகுதிகளுக்கான காட்சிகளை எடுத்து முடிக்கும் அவசரத்தில் ஒத்திகைக்கு நேரம் இருப்பதில்லை. அன்று காலை கையில் கிடைத்த வசனத்தை அன்றே பேசி, கதை எங்கே போகிறது என்று தெரியாமலேயே மூன்று ஆண்டுகள் ஒரு பாத்திரத்தைச் சிதறாமல் வைத்திருப்பது சாதாரணக் காரியம் அல்ல. படத்தொகுப்பில் ஒருவர் பேசி முடித்ததும் கேட்டவர்கள் ஒவ்வொருவருடைய முகத்தையும் தனித்தனியே காட்டும் வழக்கம் உண்டு. அந்த ரியாக்‌ஷன் காட்சிகளைப் பார்வையாளர்கள் இழுவை என்று சலித்துக்கொள்கிறார்கள். மெட்டி ஒலியின் நல்ல நடிப்பு பெரும்பாலும் அங்கேதான் இருந்தது. திரைப்பட விமர்சனம் எழுதுபவர்கள் தொடர்களைத் தொடுவதில்லை, தொடர்களைப் பற்றி எழுதிய பத்திரிகைப் பக்கங்களோ கதையில் அடுத்து என்ன திருப்பம், நடிகையின் திருமணம் எப்போது என்ற கேள்விகளோடு நின்றுவிட்டன. தொடர்களில் நடிகை ஒருவர் விலகினால் இவருக்குப் பதில் இவர் என்று ஒரு வரி திரையில் வரும், மறுநாள் முதல் கதை நடக்கும். பல மாதங்கள் அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தவருக்கு நன்றி என்று ஒரு சொல்கூட அந்த வரியில் இருப்பதில்லை. குரலும் சில வேளைகளில் வேறொருவருடையது. பின்னணிக் குரல் தந்த பெண்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவார்கள்?

மறு பாதி விடை, தொடருக்குப் பிறகு யாருக்கு என்ன கிடைத்தது என்பதில் இருக்கிறது. திருமுருகன் 2006-இல் எம் மகன் திரைப்படத்தை இயக்கினார், பிறகு நாதஸ்வரம் போன்ற தொடர்களைத் தந்தார். மெட்டி ஒலியில் போஸாக நடித்த வெங்கட்டோடு அந்தப் பாத்திரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டு அவர் போஸ் வெங்கட் ஆனார். நிறையத் திரைப்படங்களில் நடித்து, கன்னி மாடம் படத்தை இயக்கவும் செய்தார். மாணிக்கமாக நடித்த சேத்தன், இருபது ஆண்டுகள் கழித்து விடுதலை படத்தில் காவல் அதிகாரியாக வந்து பெரும் பாராட்டைப் பெற்றார். மூவரும் அந்த வளர்ச்சிக்கு முற்றிலும் தகுதியானவர்கள். சேத்தனின் நடிப்பை விரும்பாதவர்களை நான் சந்தித்ததில்லை. ஆனால் மாணிக்கத்தின் எதிரே நின்று அவனுக்குச் சமமாக நடித்த காயத்ரி சாஸ்திரியை அதே தொலைக்காட்சியில் ரோஜா தொடரில் நாயகனின் தாயாகத்தான் நாம் மறுபடி கண்டோம். நாற்பதைத் தொட்ட நடிகருக்கு வில்லன், காவல் அதிகாரி, அரசியல்வாதி என்று கதவுகள் திறக்கின்றன. அதே வயது நடிகைக்குத் தாய் வேடம் என்ற ஒரே கதவு இருக்கிறது, அதைத் தட்டவும் போட்டி இருக்கிறது.

குறைகள் இல்லாத தொடர் இது என்று நான் சொல்ல மாட்டேன். மூன்றாம் ஆண்டில் கதை தன் இயல்பான வேகத்தை இழந்தது; தீர்ந்துவிட்ட பிரச்சினைகள் வேறு பெயரில் திரும்பி வந்தன. பின்னணி இசை, நடிகைகள் ஏற்கெனவே முகத்தில் சொல்லிவிட்டதை உரக்க மறுபடியும் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெண் பொறுத்துப் போனால் குடும்பம் ஒருநாள் நேராகும் என்ற நம்பிக்கையைத் தொடர் கைவிடவே இல்லை. சரோஜா அனுபவித்ததை இன்றைய இளம் பெண் ஒருத்தி பார்த்தால், இவள் ஏன் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாள் என்று கேட்பாள், கேட்கவும் வேண்டும். 2020-இல் ஊரடங்கின்போது சன் தொலைக்காட்சி இதை மறு ஒளிபரப்புச் செய்தபோது என் குடும்பத்திலேயே அந்தக் கேள்வி எழுந்தது. அம்மா தலைமுறையினர் சரோஜாவுக்காகக் கண் கலங்கியபோது, அவர்களுடைய பேத்திகள் மாணிக்கத்தின் மேல் கோபப்பட்டார்கள். இரண்டு தலைமுறையும் ஒரே காட்சியை இரண்டு விதமாக வாசிக்க முடிந்ததென்றால் அதற்கு எழுத்து மட்டும் காரணமாக முடியாது. எழுத்து பொறுமையைப் புகழ்ந்தபோதும், அந்தப் பொறுமைக்குப் பெண் கொடுக்கும் விலையை நடிகைகள் முகத்தில் ஒளிக்காமல் காட்டினார்கள். எனவேதான் தொடரின் கருத்து பழசாகிவிட்ட பிறகும் அவர்களுடைய நடிப்பு பழசாகவில்லை.

இன்று முதன்முறையாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் பரிந்துரை இது. எண்ணூறு பகுதிகளையும் வரிசையாகப் பார்க்கும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது, தேவையும் இல்லை. தொடக்கப் பகுதிகளைத் தவறவிடாதீர்கள். ஐந்து பெண்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் அந்தக் காட்சிகளில்தான் அவர்களுக்குள் உள்ள உறவின் அளவு தெரிகிறது, பின்னால் வரும் பிரிவுகள் வலிப்பதற்கும் அதுவே காரணம். சரோஜாவின் புகுந்த வீட்டுக் கதையை முழுமையாகப் பாருங்கள். பிற்பகுதியில் இழுத்தடிக்கும் சில டிராக்குகளைத் தாண்டிப் போனால் பெரிய இழப்பு எதுவும் இல்லை. படம் பழைய சதுர வடிவில், வெளிறிய நிறங்களோடு இருக்கும். ஓரிரண்டு நாளில் கண் பழகிவிடும். வேகத்தைக் கூட்டி ஓடவிட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை இந்தத் தொடரில் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இழுவை என்று நாம் ஓட்டிவிடும் நொடிகளில்தான் காவேரியும் காயத்ரி சாஸ்திரியும் வனஜாவும் உமா மகேஸ்வரியும் ரேவதி பிரியாவும் தங்கள் வேலையைச் செய்திருக்கிறார்கள். தொடரை மறுபடி வெளியிடுகிறவர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு: ஒவ்வொரு பகுதியின் விவரக் குறிப்பிலும் பாத்திரப் பெயரோடு நடிகையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், குரல் தந்தவர் வேறு என்றால் அவர் பெயரையும் எழுதுங்கள்.